வயிறு வைத்த கண்ணாடி, புகையும் மேசை விளக்கு: வெளிச்சம் கூட என்ன செய்யலாம்?

பித்தளைப்பித்தன்:

வணக்கம். கும்பகோணத்தில் எங்கள் பழைய வீட்டைக் காலி செய்தபோது பரணிலிருந்து ஒரு மேசை விளக்கு கிடைத்தது. பித்தளை உடம்பு, உருண்டைத் திரி பர்னர். கண்ணாடியைப் பழைய வேட்டியில் சுற்றி வைத்திருந்ததால் அதுவும் உடையாமல் பிழைத்திருக்கிறது. புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டேன். பழைய திரி காய்ந்த கருவாடு மாதிரி இருந்தது, தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கினேன்.

பிரச்சினை என்னவென்றால், ஏற்றினால் செம்மஞ்சளாக நீள நாக்கு மாதிரி சுடர் எழுந்து இரண்டே நிமிடத்தில் கண்ணாடி கறுத்துவிடுகிறது. புகையாத அளவுக்குத் திரியை இறக்கினால் சாமி அறை அகல் விளக்கே தேவலை. தாத்தா இந்த விளக்கை வைத்துத்தான் ராத்திரி பேரேடு எழுதுவாராம். இந்த வெளிச்சத்தில் எழுதியிருந்தால் வரவையும் செலவையும் மாற்றி எழுதி என்றைக்கோ திவாலாகியிருப்பார், அதனால் கோளாறு என்னிடம்தான் இருக்க வேண்டும். யாருக்காவது தெரியுமா?

சிக்கனம்77:

9 வாட் எல்.ஈ.டி பல்பு வாங்கி மாட்டுங்கள். இந்த விவாத இழையை மூடிவிடலாம்.

பட்டறைக்காரன்:

சிக்கனம் சார் வந்தாச்சு, இனிமேல் விவாதம் களைகட்டும்.

பித்தளைப்பித்தன், முதலில் திரியிலிருந்து வருவோம். புதுத் திரியைக் காயவைத்துப் போட்டீர்களா? பஞ்சு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். கடையில் மழைக்காலம் முழுக்கத் தொங்கிய திரி என்றால் கேட்கவே வேண்டாம். தண்ணீர் ஏறிய இழையில் எண்ணெய் ஏறாது. அரை நாள் வெயிலில் போடுங்கள், அல்லது அடுப்பை அணைத்த பிறகு சூடாக இருக்கும் தோசைக்கல்லில் ஐந்து நிமிடம். அப்புறம் மண்ணெண்ணெயில் ஊறவிட்டு அரை மணி கழித்து ஏற்றுங்கள். அவசரப்பட்டு ஏற்றினால் எண்ணெய் வருவதற்குள் பஞ்சே எரிந்து நுனி கருகிவிடும், அதற்கப்புறம் அந்த நுனி வழியாக எண்ணெய் சரியாக வராது.

அடுத்தது பர்னர். அதைக் கழற்றி, வேண்டாத பாத்திரம் ஒன்றில் சோடா உப்பு போட்ட தண்ணீரில் கொதிக்க வையுங்கள். அடியில் சல்லடை மாதிரி ஓட்டைகள் இருக்கும், காற்று போகிற வழி அதுதான். எங்களிடம் வருகிற அரிக்கேன் விளக்குகளில் பாதிக்குக் கோளாறே அந்த ஓட்டைகளில் அடைத்த பூச்சியும் ஒட்டடையும்தான். காற்று இல்லாமல் விளக்கு புகைகிறது, இவர்கள் எண்ணெய் சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டை போடுவார்கள்.

அகல்விளக்கு:

என் சந்தேகத்தையும் இங்கேயே கேட்டுவிடுகிறேன். மண்ணெண்ணெய் வாடை எனக்கு ஆகாது. இந்த மாதிரி பர்னரில் நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ ஊற்றலாமா? உப்பு போட்டால் வெளிச்சம் கூடும் என்று என் மாமியார் சொல்கிறார்.

ஓய்வுபெற்ற_வாத்தியார்:

அம்மா, உப்பு மண்ணெண்ணெயில் கரையாது. அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான். மாமியாரிடம் இதை எப்படிச் சொல்வது என்பது வேதியியலுக்கு அப்பாற்பட்ட விஷயம்.

நல்லெண்ணெய் வேலைக்கு ஆகாது. மண்ணெண்ணெய் தண்ணீர் மாதிரி ஓடும், திரியில் பத்து சென்டிமீட்டர் கூட ஏறிவிடும். சமையல் எண்ணெய் கெட்டி, ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்கு மேல் ஏறத் திணறும். அகலில் திரி எண்ணெயிலேயே படுத்துக் கிடந்து நுனியை மட்டும் வெளியே நீட்டுவது அதனால்தான். 1800-இல் பிரான்சில் கார்செல் என்பவர் கடிகாரம் மாதிரி சாவி கொடுத்து ஓடும் பம்பு ஒன்றை விளக்கின் வயிற்றுக்குள் வைத்து எண்ணெயை மேலே ஏற்றினார் என்றால் பாருங்கள், தாவர எண்ணெயை மேலே கொண்டுபோக எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது என்று. மண்ணெண்ணெய் வந்த பிறகுதான் அந்தப் பம்புக்கு விடுதலை.

சரி, பித்தளைப்பித்தன் கேள்விக்கு வருகிறேன். சுடரில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் மற்றது புரியும். எண்ணெய் ஆவியாகி, சூட்டில் உடைந்து, நுண்ணிய கரித்துகள்கள் உண்டாகின்றன. அந்தத் துகள்கள் பழுத்து ஒளிர்வதுதான் மஞ்சள் வெளிச்சம். மஞ்சள் சுடருக்குள் ஒரு ஸ்பூனைக் காட்டுங்கள், உடனே கரி பிடிக்கும். கேஸ் அடுப்பின் நீலச் சுடரில் கரி இல்லை, அதனால் சூடு இருக்கிறது, வெளிச்சம் இல்லை. ஆக நமக்குக் கரி வேண்டும், ஆனால் அது வெளியே தப்பிப் புகையாகப் போகக்கூடாது. நன்றாகப் பழுத்து ஒளிர்ந்துவிட்டுச் சுடரின் ஓரத்திலேயே எரிந்து தீர வேண்டும். காற்று குறைந்தால் துகள் சரியாகச் சூடேறாமல் செம்மஞ்சளாக மினுங்கிவிட்டுப் புகையாகப் போகும். உங்கள் விளக்கில் நடப்பது அதுதான். காற்று அளவுக்கு மீறினால் கரி உண்டாவதற்கு முன்பே எரிந்து சுடர் நீலமாகும். இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய இடம் இருக்கிறது. விளக்கு செய்தவர்கள் நூறு வருடம் தேடியது அந்த இடத்தைத்தான்.

1780-இல் ஜெனிவாக்காரர் ஆர்கான் செய்த வேலையும் இதே. திரியைக் குழாய் மாதிரி உருண்டையாக்கி, நடுவிலும் வெளியிலும் காற்று போகும்படி செய்து, மேலே கண்ணாடிக் குழல் வைத்தார். கண்ணாடி காற்றைத் தடுக்க மட்டும் என்று நாம் நினைக்கிறோம், அது உண்மையில் ஒரு புகைபோக்கி. உள்ளே சூடான காற்று மேலே போகப் போக, கீழேயிருந்து புதுக் காற்றை உறிஞ்சும். கண்ணாடியின் உயரத்தைக் குறைத்தால் இழுவை குறையும்.

பித்தளைப்பித்தன்:

வாத்தியாருக்கும் பட்டறைக்காரருக்கும் நன்றி. திரியைக் காயவைத்து ஊறவிட்டேன், பர்னரையும் கொதிக்கவைத்தேன், ஒரு கைப்பிடி அழுக்கு வந்தது. புகை கொஞ்சம் குறைந்திருக்கிறது, ஆனால் சுடர் இன்னும் அதே நாக்கு. மூன்று படம் போட்டிருக்கிறேன். திரி திருகுகிற சக்கரத்தில் ஏதோ எழுத்து தேய்ந்து தெரிகிறது, ஜெர்மன் போல.

வடமராட்சியான்:

அண்ணை, படம் பார்த்தேன். விளக்கைப் பற்றி எனக்குத் தெரியாது, ஆனால் எண்ணெய்ச் சிக்கனம் என்றால் எங்கள் ஊராரைக் கேளுங்கோ. 1990-களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் யானை விலை. நாங்கள் படித்தது ஜாம் போத்தல் விளக்கில்.

வெறும் ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அந்தப் பஞ்சு நனைகிற அளவுக்கு மட்டும் எண்ணெய். சைக்கிள் ரியூப்பின் வால்வுக் குழாயில் மெல்லிய திரியைக் கோர்த்து, கம்பியால் பிடித்துப் போத்தலுக்குள் நிறுத்துவம். போத்தல் தான் எண்ணெய்த் தாங்கி, அது தான் சிமிலி (கண்ணாடிக் குழல்). சுடர் சுண்டுவிரல் நகம் அளவு தான், ஆனால் உள்ளே காற்று அடிக்காததால் ஆடாது. ஆடாத சின்னச் சுடரில் புத்தகத்தைக் கிட்ட வைத்துப் படிக்கலாம், ஆடுகிற பெரிய சுடரில் கண் தான் போகும். போத்தல் வாய் மட்டும் கறுக்கும், காலையில் சாம்பல் போட்டுத் துடைக்கிறது என்னுடைய வேலை. தட்டி விழுத்தினாலும் ஊற்றுப்பட எண்ணெய் இருக்காது, அது பெரிய நன்மை.

குப்பி விளக்கு சரிந்து எரிகாயப்பட்ட ஆட்கள் இலங்கை முழுக்க ஏராளம். கொழும்பில் கொடக்கும்புர என்ற சத்திர சிகிச்சை வைத்தியர் அதைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்து, குள்ளமாக, கனமாக, இரண்டு பக்கம் தட்டையாக, திருகு மூடியோடு ஒரு கண்ணாடி விளக்கை வடிவமைத்தார். சரிந்தாலும் உருளாது, மூடி கழராது. 1998-இல் ரோலெக்ஸ் விருது கூடக் கிடைத்தது அவருக்கு. வெளிச்சத்தைக் கூட்ட முதல் இதையும் பாருங்கோ.

பட்டறைக்காரன்:

பித்தளைப்பித்தன், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்!

உங்கள் கண்ணாடியைப் பாருங்கள். சுடர் இருக்கிற இடத்தில் பந்து மாதிரி வயிறு தள்ளியிருக்கிறது. இது முக்கியமான துப்பு. ஜெர்மன் உருண்டைத் திரி பர்னர்களில் இரண்டு சாதி அதிகம். காஸ்மோஸ் வகைக்குக் கண்ணாடியில் இடுப்பு இருக்கும், அதாவது சுடருக்குக் கொஞ்சம் மேலே குழல் ஒடுங்கும். அந்த ஒடுக்கம் வெளிக்காற்றைச் சுடர் மேல் தள்ளும். மடடோர் வகைக்கு இடுப்புக்குப் பதில் வயிறு. ஏன் வயிறு? நடுக்குழாயின் வாய்க்கு மேலே, காம்பு வைத்த ஒரு வட்டத் தட்டு உட்கார்ந்திருக்கும். நடுவில் வருகிற காற்று தட்டில் முட்டி நாலாபக்கமும் விரியும், சுடரும் அதோடு விரிந்து மலர்ந்த பூ மாதிரி எரியும். விரிந்த சுடர் கண்ணாடியில் படாமல் இருக்கத்தான் அந்த வயிறு.

உங்கள் படத்தில் தட்டு இல்லை. நடுக்காற்று சுடரைத் தொடாமல் புகைபோக்கி வழியாக நேரே மேலே போய்விடுகிறது. கண்ணாடிக்கு வயிறு இருந்தால் தட்டு இருக்க வேண்டும், இடுப்பு இருந்தால் தட்டு வேண்டாம், எங்கள் முதலாளி எனக்குச் சொல்லிக் கொடுத்தது இது. நடுக்குழாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், காம்பு செருக ஏதாவது தாங்கி இருக்கும்.

சும்மா தகவலுக்கு: மடடோர் செய்தது பெர்லினில் எரிஷ் அண்டு கிரெட்ஸ், பின்னால் பெட்ரோமாக்ஸ் கொண்டுவந்தவர்களும் அவர்களே. பெட்ரோமாக்ஸில் இருக்கிற மாக்ஸ், மாக்ஸ் கிரெட்ஸ்.

பித்தளைப்பித்தன்:

ஐயோ, இருக்கிறது! குழாய்க்குள் ஒரு குறுக்குக் கம்பி, நடுவே ஓட்டை. இத்தனை நாள் அது எதற்கு என்றே யோசிக்கவில்லை. ஆனால் தட்டு வீட்டில் எங்கேயும் இல்லை. பழைய சாமான் கடை ஒன்றில் கேட்டேன், வேறு எதற்கோ உள்ளதைக் காட்டி அவர் சொன்ன விலைக்கு இன்னொரு விளக்கே வாங்கலாம். நானே செய்தால் என்ன?

பட்டறைக்காரன்:

செய்யலாம். ஈயம் வைத்துப் பற்றவைக்காதீர்கள், சுடரில் உருகி விழும். காம்பில் மரை இருந்தால் நல்லது, தட்டை ஏற்றி இறக்கிப் பார்க்கலாம். அந்த உயரத்தில்தான் விஷயமே இருக்கிறது.

சிக்கனம்77:

இவ்வளவு மெனக்கெட்டு எவ்வளவு வெளிச்சம் கூடும் என்று யாராவது அளந்து சொல்வீர்களா, இல்லை கண்ணால் பார்த்து ஆகா ஓகோ தானா? போன் ஆப் கணக்கு வேண்டாம், ஒரே விளக்குக்கு என் போனும் தம்பி போனும் வேறு வேறு எண் காட்டுகின்றன.

ஓய்வுபெற்ற_வாத்தியார்:

நல்ல கேள்வி, முதல் தடவையாக. போன் எதற்கு, பஜ்ஜி மடித்த காகிதம் போதும். புன்சன் என்ற ஜெர்மன் வேதியியலாளரின் உத்தி இது. வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பொட்டு மாதிரி ஊறவிடுங்கள். தாளை நிமிர்த்தி நிறுத்தி ஒரு பக்கம் மெழுகுவத்தி, மறுபக்கம் விளக்கு. ஒரு பக்கம் வெளிச்சம் அதிகம் என்றால் பொட்டு அந்தப் பக்கத்திலிருந்து கறுப்பாகவும் எதிர்ப்பக்கத்திலிருந்து வெளுப்பாகவும் தெரியும். இரண்டும் சமமாகும்போது பொட்டு மறைந்துபோகும், அல்லது கிட்டத்தட்ட. அப்போது தூரத்தை அளங்கள். விளக்கின் தூரத்தை மெழுகுவத்தியின் தூரத்தால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கினால் எத்தனை மெழுகுவத்தி என்று வரும். இரண்டு மடங்கு தூரம் என்றால் நான்கு, மூன்று மடங்கு என்றால் ஒன்பது. எண்ணெய்ச் செலவுக்குச் சமையலறைத் தராசில் விளக்கை ஒரு மணி நேரத்துக்கு முன்னும் பின்னும் நிறுத்துப் பாருங்கள்.

பித்தளைப்பித்தன்:

நான்கு நாளாகக் காணவில்லையே என்று நினைத்திருப்பீர்கள். தட்டு தயார்!

உண்டியலில் செல்லாமல் கிடந்த 25 பைசா. 2011-இல் செல்லாது என்று அறிவித்ததிலிருந்து சும்மா கிடந்த எவர்சில்வர் காசு, 19 மில்லிமீட்டர் அகலம், நடுக்குழாய்க்கு அளவெடுத்த மாதிரி. பக்கத்துத் தெரு லேத் பட்டறையில் நடுவே ஓட்டை போட்டுக் கொடுத்தார்கள் (எதற்கு என்று கேட்டார்கள், சொன்னதும் ஒரு மாதிரி பார்த்தார்கள்). அதில் ஒரு மெல்லிய போல்ட், மேலும் கீழும் நட்டு. போல்ட்டின் அடியைக் குறுக்குக் கம்பி ஓட்டையில் செருகினால் காளான் மாதிரி நிற்கிறது.

முதலில் தட்டைத் திரி விளிம்புக்கு அரை சென்டிமீட்டர் மேலே வைத்தேன். சுடர் பயந்துபோன மாதிரி பதுங்கி, அடியில் நீலமாகித் தடதடவென்று சத்தம் போட்டது. ஒன்றரை சென்டிமீட்டருக்கு ஏற்றினேன், பழைய நாக்கு திரும்ப வந்துவிட்டது. நட்டை அரைச் சுற்று அரைச் சுற்றாக இறக்கிக்கொண்டே வந்தேன். ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக ஓரிடத்தில், எப்படிச் சொல்வது, சுடர் சட்டென்று தாமரை மாதிரி விரிந்து, நிறம் வெளுத்து, கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் தாத்தா போட்டோ கண்ணாடியில் பளிச்சென்று விழுந்தது. என் மனைவி உள்ளேயிருந்து கரண்ட் வந்துவிட்டதா என்று கேட்டாள். கரண்ட் போகவே இல்லை, நான் லைட்டை அணைத்து வைத்திருந்தேன்.

சிக்கனம் சாருக்காகக் கணக்கு. மெழுகுவத்தி 50 சென்டிமீட்டரில். தட்டு இல்லாமல், புகையாத அளவில், பொட்டு மறைந்தது விளக்கு 95-இல் இருக்கும்போது. தட்டு வைத்த பிறகு 160-இல். அதாவது மூன்றரை மெழுகுவத்தி பத்தாகிவிட்டது. எண்ணெய் மணிக்கு 30 கிராம் செலவானது இப்போது 40.

ஓய்வுபெற்ற_வாத்தியார்:

அருமை! செலவு மூன்றில் ஒரு பங்கு கூடி, வெளிச்சம் ஏறக்குறைய மூன்று மடங்கு. கிராமுக்குக் கணக்குப் போட்டால் இரண்டு மடங்குக்கு மேல். அதே எண்ணெய், அதே திரி, ஒரு செல்லாக்காசு.

ஆனாலும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். 40 கிராம் மண்ணெண்ணெய் மணிக்கு எரிந்தால் கிட்டத்தட்ட 480 வாட். பத்து மெழுகுவத்தி வெளிச்சம் சுமார் 125 லூமென். வாட்டுக்குக் கால் லூமென்தான் தேறுகிறது, மிச்சம் எல்லாம் சூடு. சிக்கனம் சாரின் பல்பு வாட்டுக்கு 100 லூமென் பக்கம் கொடுக்கும்.

சிக்கனம்77:

நான் முதல் நாளே சொன்னேன். ஆனால் அந்த 25 பைசா வேலை அபாரம், ஒத்துக்கொள்கிறேன்.

பட்டறைக்காரன்:

மஞ்சள் சுடரை வைத்துக்கொண்டு இதற்கு மேல் பெரிதாகப் போக முடியாது. இன்னும் வேண்டுமென்றால் கரியை விட்டுவிட்டு மேண்டிலுக்கு, அதாவது சுடரில் மாட்டுகிற வலைப்பைக்கு, போக வேண்டும். பெட்ரோமாக்ஸில் எண்ணெயைக் காற்றழுத்தத்தில் ஏற்றி, சூடான குழாயில் ஆவியாக்கி, ஊசித்துளை வழியாகச் சீறவிட்டு, காற்றோடு கலந்து நீலமாக எரிய வைக்கிறோம். அந்தச் சூட்டில் மேண்டில் ஒளிர்கிறது. கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தைக் கரியை விட நன்றாகக் கொடுக்கிற பொருள் அது. பெட்டியில் 500 கேண்டில் என்று போட்டிருக்கும், பாதி என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஒரு லிட்டர் எட்டு மணி நேரம் ஓடும். அப்போதும் கிராமுக்குப் பத்து மடங்கு. வடக்கே மகாராஷ்டிரத்தில் பல்தான் என்ற ஊரில் நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் ராஜ்வன்ஷி குழுவினர் இதையே குறைந்த அழுத்தத்தில் ஓடும்படி செய்து நூரி என்று பெயர் வைத்தார்கள்.

இன்னொன்று, இதைக் கத்திச் சொல்கிறேன். வெளிச்சம் கூடும் என்று யாராவது பெட்ரோல் கலக்கச் சொன்னால் கேட்காதீர்கள். மண்ணெண்ணெய் 35 டிகிரிக்கு மேல்தான் தீப்பிடிக்கும் ஆவி விடும். பெட்ரோல் பனிக்கட்டிக் குளிரிலேயே விடும், தொட்டியே வெடிக்கும். என் இடது கையில் இருக்கிற தழும்பு யாரோ கலந்து கொண்டுவந்த விளக்கைத் தெரியாமல் ஏற்றியதால் வந்தது.

கடியபட்டணத்தான்:

மேண்டில் என்றதும் எங்கள் ஊர்ப்பக்கம் ஞாபகம் வந்துவிட்டது. ஆவுயர் ஃபான் வெல்ஸ்பாக் என்ற ஆஸ்திரியர் 1891-இல் கடைசியாகப் பிடித்த கலவை 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு. தோரியத்துக்கு மோனசைட் மணல் வேண்டும். ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் 1909-இல் திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் மணவாளக்குறிச்சி வந்து சேர்ந்தார். அந்தக் காலத்து ஐரோப்பியத் தெருவிளக்குகளில் எரிந்ததில் நாங்கள் கால் புதைத்து விளையாடுகிற மணலும் உண்டு. தோரியம் லேசான கதிரியக்கம் உடையது, அதனால் பழைய மேண்டில் சாம்பலை ஊதாதீர்கள். இப்போது பல மேண்டில்களில் இட்ரியம்தான்.

அகல்விளக்கு:

எல்லாம் படித்தேன். எங்கள் விளக்கின் கண்ணாடிக்கு இடுப்பு. தட்டு தேட வேண்டாம், தப்பித்தேன். ஆனால் சுடர் ஒரு பக்கம் கொம்பு மாதிரி கூராக எழும்புகிறது, அதற்கு என்ன செய்ய?

பட்டறைக்காரன்:

திரியின் இரண்டு ஓரமும் சேருகிற இடம் அது. தட்டையான திரியைத்தான் பர்னர் சுருட்டி உருண்டையாக்குகிறது, சேருமிடத்தில் ஒரு இழை நீட்டிக்கொண்டிருந்தால் கொம்பு முளைக்கும். கத்தரி வேண்டாம். அணைத்து ஆறிய பிறகு திரியைக் குழாய் விளிம்போடு சமமாக இறக்கி, ஒரு துண்டுக் காகிதத்தால் கரியை வழித்துவிடுங்கள்.

பித்தளைப்பித்தன்:

கடைசியாக ஒன்று. நேற்று சென்னையில் இருக்கும் அத்தையிடம் போனில் விளக்கு எரிந்த கதையைச் சொன்னேன். காம்பு வைத்த வட்டத் தட்டு, காளான் மாதிரி இருக்குமாம், எங்கே போனதோ என்றேன். "அந்தப் பித்தளைக் காளானா? அதைப் பம்பரம் என்று திண்ணையில் சுற்றிச் சுற்றிக் கிணற்றில் போட்டவனே நீதானேடா" என்கிறார்.

பட்டறைக்காரன்:

கிணற்றில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது?